மூடிய சிலிண்டரும் கத்திய செவலையும்

வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டிய பிறகு, "சிலிண்டரை மூடினேனா, இல்லையா?" என்று மனத்துக்குள் ஒரு குரல் கேட்குமே, திரும்பிப் போய்ப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்கு இன்றுவரை தெரியாது. வயது முப்பத்திரண்டு. வேதியியலில் முதுகலைப் பட்டம். ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். மூன்று வயதுப் பெண்ணுக்கு அம்மா. இவ்வளவும் இருந்து என்ன பயன்? பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரையுள்ள தெருவை ஒவ்வொரு காலையிலும் மூன்று தடவை நடக்கிறேன். (எதிர்வீட்டு அக்கா இதை உடற்பயிற்சி என்று நினைத்து, "எத்தன கிலோ குறைஞ்ச?" என்று கேட்டார். அவர் மனத்தை உடைப்பானேன் என்று "ரெண்டு" என்றேன்.)

திரும்பிப் போய்ப் பார்த்தால் சிலிண்டர் எப்போதும் மூடித்தான் இருக்கும். கிளம்புகிறோம் என்று தெரிந்ததும் என் கை என்னைக் கேட்காமலே போய் அதை மூடிவிடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அம்மா போட்ட பழக்கம். நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கம்தான் ஒரு சனிக்கிழமை என் ஐந்து வருட உழைப்பையும், காமயகவுண்டன்பட்டியில் ஒரு பசுமாட்டின் மூன்று வாரத்தையும் சேர்த்து மூடிவிட்டது.

கதைக்குள் போவதற்கு முன்னால் கொஞ்சம் வேதியியல். பயப்பட வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சில உலோக ஆக்சைடுகளைச் சரியான அளவில் கலந்து சுட்டால் கறுப்பாக ஒரு பொருள் கிடைக்கும். அதைக் கடுமையாகக் குளிரவைத்தால் மின்சாரம் அதற்குள் எந்தத் தடையுமில்லாமல் ஓடும். மேலே ஒரு சின்னக் காந்தத்தை வைத்தால் அது தொடாமல் அந்தரத்தில் மிதக்கும். இதற்கு மீக்கடத்தி என்று பெயர். இட்ரியம், பேரியம், தாமிரம் சேர்ந்த ஆக்சைடு இந்தக் குடும்பத்தில் பழைய ஆள், எல்லோருக்கும் தெரிந்தவர். அதில் இட்ரியத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் வேறு இரண்டு தனிமங்களைச் சேர்த்து, புதிதாக ஒரு மீக்கடத்தும் ஆக்சைடு செய்ய முடியுமா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

செய்முறை ஏறக்குறைய சமையல்தான். நிறுக்க வேண்டும், கல்வத்தில் மணிக்கணக்காக அரைக்க வேண்டும், உலையில் சுட வேண்டும், எடுத்து மறுபடி அரைக்க வேண்டும், மறுபடி சுட வேண்டும். ஒரு நாள் கல்லூரிக்கு வந்து நான் அரைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, அதாவது என் மாமியார், பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"அஞ்சு வருசமா அரைக்கிறியே, இன்னுமா மசியல?"

"மசிஞ்சிருச்சு அத்தை. இனி வேகணும்."

"அப்ப குக்கர்ல வைக்க வேண்டியதுதான?"

வைத்திருக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல். அரைத்த பொடியை ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மாத்திரையாக அழுத்தி, அந்தச் சூட்டில் சுட்டு, கடைசியில் ஆக்சிஜன் வாயு மெல்ல ஓடிக்கொண்டிருக்க, நிதானமாக ஆறவிட வேண்டும். இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். ஆறும்போதுதான் மாத்திரை ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டால் மீக்கடத்தி. இழுக்காவிட்டால் வெறும் கறுப்புக் கல். பார்வைக்கு இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். குளிரவைத்துக் காந்தத்தை வைக்கும்வரை எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது.

அதற்கு முன் எட்டு மாத்திரைகள் செய்திருந்தேன். இரண்டு பச்சையாகிப்போயின. (பச்சை வந்தால் கலவை தப்பு என்று அர்த்தம். மில்லிகிராம் கணக்கில் மூன்று முறை சரியாகத்தான் நிறுத்தேன். நான்காம் முறை சந்தேகம் வந்து கொஞ்சம் கூடச் சேர்த்ததுதான் வினை.) நான்கு வெடித்தன. ஒன்றைப் பத்திரமாக வைக்கிறேன் என்று எங்கேயோ வைத்தேன், இன்னும் தேடுகிறேன். எட்டாவது கை தவறி விழுந்தது. இதற்கிடையில் பிள்ளைப்பேறு, அதற்கொரு கால நீட்டிப்பு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு நீட்டிப்பு. இனி நீட்டிக்க விதியில் இடமில்லை. திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் கண்முன்னால் காந்தம் மிதந்தால் ஆய்வேடு எழுதலாம். மிதக்காவிட்டால் பதிவு ரத்து. என் நெறியாளர் அம்மா, "ஒண்ணே ஒண்ணு மிதந்தாப் போதும்மா, மத்தத நான் பேசிக்கிறேன்" என்று சொல்லியிருந்தார்.

ஒன்பதாவது மாத்திரை சனிக்கிழமை மத்தியானம் உலைக்குள் ஆறிக்கொண்டிருந்தது. வெடிக்கவில்லை, பச்சையாகவில்லை. அழகான கறுப்பு. உலை தானாக ஆறும்படி அமைத்தாகிவிட்டது. ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் மறுநாள் காலை வரை திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அத்தையிடமிருந்து போன் வந்தது.

"பிள்ளைக்கு உடம்பு லேசாச் சுடுது. நீ ஒண்ணும் பதறாத."

("பதறாத" என்று சொல்லி எந்த அம்மாவாவது பதறாமல் இருந்ததுண்டா?) பையை எடுத்தேன், விளக்கை அணைத்தேன், மின்விசிறியை அணைத்தேன், கதவைப் பூட்டினேன், ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது வழக்கமான குரல் வந்தது: சிலிண்டரை மூடினேனா?

திரும்பி ஓடினேன். கதவைத் திறந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. அப்பாடா என்று பூட்டிவிட்டுத் திரும்பினேன்.

கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை.

பஸ் வீரபாண்டியைத் தாண்டும்போது மறுபடியும் சந்தேகம். சரியாகப் பார்த்தோமா, அவசரத்தில் பார்த்தோமே? கல்லூரி வாட்ச்மேன் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, எங்க லேப்ல சிலிண்டர் மூடியிருக்கான்னு ஒரு எட்டுப் பாத்துச் சொல்லுங்களேன்."

இரண்டு நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "மூடித்தாம்மா இருக்கு. கொஞ்சம் லூசா இருந்த மாதிரி தெரிஞ்சுச்சு. ஸ்பானர வச்சு நல்லா இறுக்கி விட்டுட்டேன்."

"ரொம்ப நன்றிண்ணே" என்றேன். மனம் நிறைந்து சொன்னேன்.

வீட்டுக்குப் போனால் என் மகள் யாழினி கூடத்தில் உட்கார்ந்து இரண்டு கையிலும் முறுக்கு வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். உடம்பு குளுகுளுவென்று இருந்தது. "வெயில்ல ஆடிட்டு வந்துச்சு, அதான் சுட்டுருக்கும்போல" என்றார் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை எடுக்கப் போனபோதும், சிலிண்டர் மூடியிருப்பதைப் பார்த்துத் திருப்திதான் பட்டேன். திங்கட்கிழமை காலை அடுத்த சிக்கல். மாத்திரையைக் குளிரவைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். மதுரையிலிருந்து வர வேண்டிய வண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் பஞ்சராகி நின்றுவிட்டது. குழு பதினொரு மணிக்கு வருகிறது. நான் அழத் தயாரானபோது என் கணவர் சொன்னார்: "பாண்டிகிட்ட கேப்போம்."

பாண்டி அண்ணன் இவருடைய பள்ளித் தோழர். ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர். காளையின் உறைவிந்து அடைத்த மெல்லிய குச்சிகள் கெடாமல் இருக்க, அவர் வண்டியில் எப்போதும் ஒரு மூன்று லிட்டர் கேன் நிறையத் திரவ நைட்ரஜன் இருக்கும். எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சிக்கு நைட்ரஜன் கிடைப்பது கஷ்டம். மாட்டுக்குக் கிடைப்பது சுலபம்.

அவர் தேனியில் ஒரு கூட்டத்துக்குப் போகிற வழியில் கேனைக் கல்லூரியில் இறக்கிவிட்டார்.

"தங்கச்சி, நல்லாக் கேட்டுக்க. உள்ள மூணு குச்சி இருக்கு. பெரியப்பா சொல்லி வச்சு, நாலு மாசமாத் தேடி வாங்குன காளை. பாதிக்கு மேல ஊத்திராத. குச்சி முங்கியே இருக்கணும். காஞ்சுச்சுன்னா அம்புட்டுத்தான். ஊத்துனதும் மூடிப்புடு. ரெண்டு மணிக்கு வந்து எடுத்துக்கிர்றேன்."

"சரிண்ணே. பாதி. மூடிறணும். முங்கியிருக்கணும்." மூன்று முறை திருப்பிச் சொன்னேன். அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. பாவம்.

அவர் சொன்ன பெரியப்பா என் கணவரின் பெரியப்பா. எனக்குப் பெரிய மாமா. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். தோட்டத்தைவிட அவருக்குச் செவலை என்கிற பசுவின் மேல்தான் பிரியம். அன்று காலையில்தான் செவலை பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்திருந்தது என்பது எனக்குத் தெரியாது.

குழு வந்தது. நெறியாளர் அம்மா, துறைத்தலைவர், வெளியிலிருந்து ஒரு நிபுணர். நிபுணர் கேரளக்காரர். தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். நான் மாத்திரையை ஒரு கிண்ணத்தில் வைத்து நைட்ரஜனை ஊற்றினேன். வெள்ளைப் புகை எழுந்தது. கொதிப்பு அடங்கியது. இடுக்கியால் காந்தத்தை எடுத்து மாத்திரைக்கு மேல் பிடித்து, மெல்ல விட்டேன்.

டிக்.

மாத்திரை மேல் விழுந்து உட்கார்ந்துகொண்டது.

"இன்னும் ஆறலன்னு நினைக்கிறேன் சார்" என்று மறுபடி ஊற்றினேன். டிக். ஒருவேளை காந்தம் சூடாக இருக்குமோ என்று காந்தத்தையும் குளிரவைத்தேன். டிக். மாத்திரையைத் திருப்பிப் போட்டேன். கிண்ணத்தை மாற்றினேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கிண்ணத்தில் தூசி இருக்குமோ என்று சந்தேகம் வந்து, துடைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் "இது கடைசி" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஊற்றினேன். ஒரு கட்டத்தில் கேனைக் கவிழ்த்தபோது எதுவும் வரவில்லை. புகை மட்டும் சோம்பலாக எட்டிப் பார்த்தது. கேனை ஓரமாக வைத்தேன். மூடினேனா என்று கேட்காதீர்கள். வாழ்க்கையில் மூட வேண்டிய ஒரே ஒரு பொருளை அன்றுதான் நான் மூடாமல் விட்டேன்.

நிபுணர் மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கலவை நல்லா இருக்கு. பொடியோட எக்ஸ்ரே படமும் பார்த்தேன், தப்பு சொல்ல முடியாது. ஆறும்போது ஆக்சிஜன் எவ்வளவு நேரம் கொடுத்தீங்க?"

அவ்வளவு நேரமும் திக்கிக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கேள்விக்கு மட்டும் தைரியம் வந்தது. ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் மிகவும் கவனமாக இருந்திருந்தேன் அல்லவா?

"சார், அதுல எந்தத் தப்பும் நடக்க வாய்ப்பே இல்ல சார். கிளம்புறப்பவே சிலிண்டரை மூடிட்டேன். திரும்பி வந்து மூடியிருக்கான்னு பார்த்தேன். அப்புறம் வாட்ச்மேனை விட்டும்..."

அந்த "விட்டும்" என்ற இடத்தில்தான் என் காதில் நான் பேசுவது விழுந்தது.

நெறியாளர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். துறைத்தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிபுணர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாழினியை நினைத்தேன். அவளை அழவிட்டு வந்த காலைகள், மடியில் போட்டுக்கொண்டு படித்த கட்டுரைகள், அவள் முதலில் எழுந்து நின்ற நாளில் நான் இங்கே கல்வத்தின் முன் உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஒரு திருகில் போய்விட்டது. அதைத் திருகியது என் கை. இறுக்கியது வாட்ச்மேன். நன்றி சொன்னது நான்.

அப்போது வெளியே "ம்ம்ம்மாஆஆ!" என்று ஒரு குரல் கட்டடமே அதிரும்படி கேட்டது.

எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒரு குட்டி யானை வண்டி, அதாவது சின்னச் சரக்கு வண்டி. அதில் செவலை. பக்கத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய மாமா.

"ஏத்தா! பாண்டியோட ஊசி இங்கனதான் இருக்காமே?" என்று ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டார். "அவன் என்னமோ ரெண்டு மணிக்கு வந்து எடுத்துட்டு வர்றேங்குறான். அதுவரைக்கும் மாடு தாங்குமா? அதான் ஊசி இருக்குற இடத்துக்கு மாட்டக் கொண்டாந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து, பெரிய மாமா போன் செய்து துரத்தியதில் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பாண்டி அண்ணனும் வந்து சேர்ந்தார். நேரே உள்ளே வந்து கேனைத் தூக்கினார். தூக்கியதுமே முகம் மாறியது. உள்ளே பார்த்தார். குச்சிகளை எடுத்து விரலால் தொட்டார்.

"தங்கச்சி..." என்றார். "வெதுவெதுன்னு இருக்கே தங்கச்சி."

"பாதிதான்ணே ஊத்துனேன். பாதி பாதியா ஏழெட்டுத் தடவ..."

"வேற குச்சி இல்லையாடா?" என்று வெளியிலிருந்து பெரிய மாமா.

"இந்தக் காளை இல்ல பெரியப்பா. எழுதிப் போட்டு வரவைக்கணும்."

"போச்சா? ஏலே, இனி இது எப்பக் கத்தும் தெரியுமாலே? மூணு வாரம்! மூணு வாரத்துக்கு நான் அது மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" பெரிய மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உள்ள யாரு அந்தப் பெரிய மனுசரு? வெள்ளச் சட்டக்காரரு?"

"எங்க ஆய்வுக் குழு மாமா. கேரளாவுல இருந்து வந்திருக்காக."

சொல்லியிருக்கக் கூடாது. குமுளிக்குத் திராட்சை ஏற்றிப் பழகிய பெரிய மாமாவுக்கு மலையாளம் தெரியும். தெரியும் என்பதைக் காட்டச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடவே மாட்டார்.

"சாரே!" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறையிட்டார். "இருபத்தொன்னு திவசம் கழியணும் சாரே! எங்க வீட்டுப் பிள்ள, நல்ல பிள்ளதான், ஆனா இம்புட்டையும் ஊத்திப்புட்டா சாரே!"

நிபுணர் எழுந்து ஜன்னலருகே வந்தார். செவலையைப் பார்த்தார். செவலை அவரைப் பார்த்து இன்னொரு முறை கத்தியது. அவர் பெரிய மாமாவிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டார். எத்தனை ஈத்து, எவ்வளவு பால், என்ன தீனி. சின்ன வயதில் அவர்கள் வீட்டில் நான்கு பசுக்கள் இருந்தனவாம். பத்து நிமிடம் பேசினார்கள். நான் அங்கே ஒரு கிண்ணத்தையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு திரும்பி வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

"இந்த மாத்திரை கெட்டுப்போகலம்மா" என்றார். "மூச்சு முட்டிக் கிடக்கு. மறுபடி சூடாக்கி, ஆக்சிஜன் கொடுத்து ஆறவிட்டா அது உள்ளே இழுத்துக்கும். இன்னைக்கு நடந்த சோதனையை முடிச்சதா எழுத வேண்டாம், ஒத்திவைச்சதா எழுதிக்கலாம். அந்தப் பசுவுக்கு இருபத்தொரு நாள் இருக்குன்னா, இதுக்கும் அதே இருபத்தொரு நாள்."

நெறியாளர் அம்மா கண்ணைத் திறந்தார்.

இரண்டாவது முறை மாத்திரையை ஆறவைத்த நாளில் என் கணவர் அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். ஆக்சிஜன் சிலிண்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கிளம்பும்போது என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, கைதியைக் கூட்டிப் போவதுபோல வெளியே கூட்டிப் போனார். வாட்ச்மேன் அண்ணனிடம், "யாரு போன் பண்ணிச் சொன்னாலும் தொடாதீங்க. குறிப்பா இவ சொன்னா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

செவலை கணக்குத் தப்பாமல் கத்தியது. பாண்டி அண்ணன் காலையில் காமயகவுண்டன்பட்டிக்குப் போய், புதிதாக வரவைத்த குச்சியால் அதற்கு ஊசி போட்டுவிட்டு, மீதி நைட்ரஜனோடு பதினொரு மணிக்குக் கல்லூரிக்கு வந்தார். இந்த முறை கேனை என் கையில் தரவில்லை. "நீ தள்ளி நில்லு தங்கச்சி" என்று அவரே கிண்ணத்தில் ஊற்றினார். ஆய்வுக் குழு சுற்றி நின்றது. காந்தத்தை விட்டேன்.

சத்தம் வரவில்லை.

காந்தம் மாத்திரைக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில், புகைக்கு நடுவில், லேசாகச் சுழன்றுகொண்டு நின்றது. பாண்டி அண்ணன் குனிந்து அடியில் ஏதாவது முட்டுக்கொடுத்திருக்கிறதா என்று பார்த்தார். "அடியாத்தி!" என்றார். நிபுணர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அழுதேன். (கண்ணீர் கிண்ணத்தில் விழுந்தால் மாத்திரைக்கு ஆகாதே என்று பயந்து, தள்ளிப் போய் அழுதேன்.)

செவலைக்கும் சினை பிடித்தது. கிடாரிக் கன்று. இன்றைக்கும் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் பெரிய மாமா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவதான் என் மாட்டுக்கு மூணு வாரம் லீவு குடுத்தவ." காமயகவுண்டன்பட்டியில் பாதிப் பேர் என்னைக் கால்நடைத் துறை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம்கூட ஒருவர் வீட்டுக்கு வந்து, தன் எருமை சாப்பிட மாட்டேனென்கிறது என்று மருந்து கேட்டார்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். ஆய்வேடு முடிந்துவிட்டது, அடுத்த மாதம் கொடுக்க வேண்டும். நன்றியுரைப் பக்கம் மட்டும் பாக்கி. "என் பேரு வருமா தங்கச்சி?" என்று பாண்டி அண்ணன் கேட்டார். வராமல் எப்படி? "திரவ நைட்ரஜன் அளித்து உதவிய" என்று எழுதிக் காட்டினேன். "நைட்ரசன் குடுத்தவன்னா ஊர்ல எவனுக்குத் தெரியும்? நான் பாக்குற தொழிலப் போடு" என்றார். அவர் தொழிலைப் போட்டுக் கொண்டுபோனால் நெறியாளர் அம்மா, "வெளிநாட்டுல இருந்து திருத்துறவங்க படிச்சா, இந்த ஆக்சைடுல என்ன கலந்திருக்குன்னு கேப்பாங்கம்மா" என்கிறார். பெரிய மாமாவோ, "செவலை பேரு இல்லாம அதென்ன நன்றி? விட்டுக்குடுத்தது அதுதான?" என்கிறார். அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. "தன் மூன்று வாரத்தை விட்டுக்கொடுத்த செவலைக்கு" என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, இப்போதைக்குப் பென்சிலில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன எழுதுவீர்கள்? ஓர் ஆய்வேட்டில் பசுவின் பெயர் வரலாமா? வரலாம் என்றால் பாண்டி அண்ணனுக்கு முன்னாலா, பின்னாலா? ஒரே ஒரு வரி போதும், யோசித்து எழுதி அனுப்புங்கள். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பினால் நல்லது. பெரிய மாமா ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியோடு வந்து, தானே படித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.